இறக்கம் பார்த்து நிறுத்திய கார்

நம் வயதுக்காரர்கள் யாரும் கால்பந்துப் போட்டி நாளில் எங்கள் ஊர் ஸ்டேடியம் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் சுற்றில் இடம் இருக்காது. இரண்டாவது சுற்றில், முதல் சுற்றில் 'இது வேண்டாம்' என்று விட்ட இடத்தையும் வேறொருவர் பிடித்திருப்பார். மூன்றாவது சுற்றில் ஓட்டுகிற பிள்ளை பேசுவதை நிறுத்திவிடும். நான்காவது சுற்றில் நாமும் வாயைத் திறக்காமல் இருந்தால் சுமுகமாக வீடு திரும்பலாம்.

இந்த விஷயத்தில் பேச எனக்குத் தகுதி உண்டு. முப்பத்துநான்கு ஆண்டுகள் நகராட்சியில் இருந்தேன். 'வாகனங்களை நிறுத்தக் கூடாது' என்ற பலகை எப்படிப் பிறக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் ஒரு மனு வரும். மனுவின் மேல் ஒரு குறிப்பு எழுதப்படும். குறிப்பின் மேல் ஒருவர் இடத்தைப் பார்க்கப் போவார். மழை என்று பாதி வழியில் திரும்புவார். பிறகு போலீசின் கருத்து, மன்றத்தின் தீர்மானம், பெயின்டருக்கு உத்தரவு. பலகை நடப்படும் நாளில் மனு கொடுத்தவர் காரை விற்றுவிட்டிருப்பார்.

பலகைகள் வருவதற்கு முன்பு எங்கள் ஊரில் கற்கள்தான் இருந்தன. மலையில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். போட்டி நாளில் காலையிலேயே அந்தக் கல்லைக் கொண்டுபோய் ரோட்டோரம் வைத்துவிட்டால் அந்த இடம் மாலை வரை கல்லுக்குச் சொந்தக்காரருக்கு. யாரும் நகர்த்த மாட்டார்கள். ஒவ்வொரு கல்லும் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மனு இல்லை, தீர்மானம் இல்லை. இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு என் பணிக்காலத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை.

எனக்குப் பத்து வயதான அந்த மே மாதத்தில்தான் அப்பா கார் வாங்கினார். அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கிளார்க். சீமைக்குத் திரும்பிய ஒரு எஸ்டேட் துரையின் கறுப்புக் கார் மூன்று கை மாறி எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றது. உள்ளே பழைய தோல், பெட்ரோல், ஈரக் கம்பளி மூன்றும் கலந்த வாசனை. எல்லாம் நன்றாக இருந்தது, செல்ஃப் எடுக்காது என்பதைத் தவிர. சாவியைத் திருகினால் பூனை தும்முகிற மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. இறக்கத்தில் உருட்டி, கியரில் போட்டு, கிளட்சை விட்டால்தான் உயிர் வரும்.

அதனால் ஊரே சமதளம் தேடுகிறபோது அப்பா மட்டும் இறக்கம் தேடினார். வண்டியின் மூக்கு கீழே பார்க்க வேண்டும். முன்னால் யாரும் நிற்கக் கூடாது. மூன்று பக்கம் படிக்கட்டும் நாலாவது பக்கம் சைப்ரஸ் மர வேலியும் கொண்ட அந்த மைதானத்தைச் சுற்றி அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேலியை ஒட்டி இறங்குகிற சந்தில், ஓய்வு பெற்ற கம்பவுண்டர் வீட்டு வாசல்.

முதல் நாள் அப்பா அங்கே நிறுத்திவிட்டு அம்மாவின் குழவிக்கல்லைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். குழவி உருண்டையானது என்பது ஒரு கிளார்க்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையை எடுத்த உடனே அது சந்து முழுவதும் உருண்டு, வளைவில் நின்றிருந்த ஐஸ்காரரின் சைக்கிளில் போய் முட்டியது. சத்தம் கேட்டுக் கம்பவுண்டர் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், காது வரை இறக்கிய கம்பளிக் குல்லா.

"ஏனுங்க, வண்டியக் காப்பாத்தக் கல்லு வெச்சீங்களா, கல்லக் காப்பாத்த வண்டி வெச்சீங்களா?"

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "இங்க நிறுத்திக்கலாமுங்களா?"

கம்பவுண்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின் கண்ணாடி வழியே குனிந்து வேலியைப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் சொன்னார்: "மூக்கு இறக்கத்தப் பாக்கோணும். கேட்ட மறைக்கக் கூடாது. கதவப் பூட்டக் கூடாது."

"கதவ எதுக்குங்க பூட்டக் கூடாது?"

"அவசரத்துக்குத் தள்ளோணுமுன்னா என்ன பண்றதுங்க?"

கதவு எப்படியும் பூட்டாது. அதை அப்பா சொல்லவில்லை. அடுத்த வாரம் உடைந்த அம்மிக்கல் வந்தது. குவார்ட்டர்ஸ் மாறும்போது அப்பாவே கீழே போட்டு இரண்டாக்கிய அம்மி அது. ஒரு பாதி எங்கள் வாசல் இறக்கத்துக்கு. மறுபாதி கம்பவுண்டர் வாசலுக்கு. தூக்க முடியாத கனம் என்பதால் அங்கேயே கேட்டோரம் கிடக்கும். போட்டி முடிந்ததும் அப்பா பிரேக்கை மிதித்துக்கொள்வார், நான் அம்மியை இரண்டு கையாலும் ஓரமாக இழுத்துவிட்டு ஓடி ஏறிக்கொள்வேன். கார் சத்தமில்லாமல் நழுவி, இரண்டாவது வீட்டைத் தாண்டும்போது ஒரு குலுக்கு குலுக்கி உறுமும். அந்தக் குலுக்கலுக்காகவே போட்டிக்குப் போனேன் என்றும் சொல்லலாம்.

அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் இரண்டு சந்தேகங்கள் வளர்ந்தன.

முதலாவது அப்பாவுடையது. போட்டி முடிந்து வரும்போதெல்லாம் காரின் பின் சீட்டு சூடாக இருந்தது. ஒருமுறை கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. "அந்தக் கம்பவுண்டன் வண்டியத் தொறந்து நோட்டம் பாக்கறான்" என்றார் அப்பா. "பூட்டாதீங்கன்னு சொன்னப்பவே நெனச்சேன்." அதுவரை இருந்த 'கம்பவுண்டருங்க' அன்றோடு போயிற்று.

இரண்டாவது அம்மாவுடையது. ஒரு ஞாயிறு காலை கார் துடைக்கப் போனவர், ஒரு கொண்டை ஊசியும் ஒரு முழம் பச்சைக் கம்பளி நூலுமாக உள்ளே வந்தார். இரண்டையும் அப்பாவின் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாருதுங்க?"

"உன்னுதா இருக்கும்."

"எனக்கு எந்தக் காலத்துல இவ்வளவு நீளக் கொண்டை? மேட்சு மேட்சுன்னு போறது பந்தப் பாக்கத்தானுங்களா?"

"புள்ளயக் கூட்டிட்டுத்தானே போறேன். அவளக் கேளு."

என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்கிற குழந்தைக்கு எல்லாம் தெரியும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை. அம்மா அன்றிலிருந்து எந்தப் போட்டிக்கும் வரவில்லை. கொண்டை ஊசி சாட்சியப் பொருளாக அஞ்சறைப்பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் போயிற்று.

இதற்கெல்லாம் நடுவே மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டு முன்னறையில் பாய் போட்டுத் தங்கியிருந்தார். தொழிற்சாலையில் தினக்கூலி; மாலையில் தொழிற்சாலை அணிக்குக் கோல் கீப்பர். அந்தப் போட்டித்தொடர் முடிந்ததும் நல்ல ஆட்டக்காரர் ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுப்பார்கள் என்று விளையாட்டு அதிகாரி சொல்லியிருந்தார். நிரந்தரம் என்றால் குவார்ட்டர்ஸ், கல்யாணம், மனிதனாக மதிக்கப்படுவது. கிடைக்காவிட்டால் எமரால்டு கிராமத்துப் பக்கம் முட்டைக்கோசுத் தோட்டத்தில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். மாமா இதைப் பற்றிப் பேசவே மாட்டார். இரவில் கையுறையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்.

அணி இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரே, கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டுகள் சேர்ந்து அமைத்த அணி. போட்டிக்கு முதல் நாள் மாமா ஒரு ரோஸ் நிற அட்டையைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அதிகாரிகளின் கார்கள் நிற்கிற உள் மைதானத்தில் எங்கள் காரும் நிற்கலாம் என்ற அனுமதி.

அப்பா அந்த அட்டையை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தார்.

மாமா தயங்கினார். "மச்சான், அங்க தரை மட்டமுங்க. இறக்கமே இல்ல."

"ஆபீசருங்க வண்டிக்கு நடுவுல நிக்கற வண்டியத் தள்ளறதுக்கு ஆளா கெடைக்காது, மாப்பள?"

மறுநாள் கார் மெழுகு பூசி மினுங்கியது. நாங்கள் கம்பவுண்டர் சந்தின் முனையைத் தாண்டியபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கேட்டருகே நின்றிருந்தார். இடத்தின் நட்டநடுவில் எங்கள் பாதி அம்மியைப் போட்டுக் காவல் வைத்திருந்தார். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. உள் கேட்டில் காவலாளி சல்யூட் அடித்தார். அட்டைக்குத்தான் அடித்தார், அப்பா தனக்கென்று எடுத்துக்கொண்டார். எங்களை முதல் வரிசையில், சுவர் ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். பின்னால் இரண்டாவது வரிசை வந்தது, மூன்றாவது வந்தது. டிரைவர்கள் பூட்டிவிட்டுப் படிக்கட்டில் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்தார்கள்.

ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு எதிரணி மேனேஜர் ஒரு காகிதத்தோடு நடுவரிடம் வந்தார். எழுத்து மூலமான ஆட்சேபணை. பட்டியலில் உள்ள பெயர் வேறு, கோலில் நிற்கும் ஆள் வேறு என்றார். போன வருடம் வேறு ஓர் அணியில் அப்படி ஆள்மாறாட்டம் நடந்திருந்ததால் அவர் கேட்டதில் தப்பில்லை. நடுவர் மாமாவை அழைத்தார்.

"உங்க எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்கே?"

"ஊட்டுல இருக்குதுங்க. அக்கா பொட்டியில."

"முதல் பாதி ஆடுங்க. ரெண்டாம் பாதி தொடங்கறதுக்குள்ள ஒரிஜினல் என் கைக்கு வரோணும். இல்லாட்டி வெளிய உக்காருங்க. ஆட்சேபணைய அப்படியே மேல அனுப்பிருவேன்."

விளையாட்டு அதிகாரி வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு அன்று புரியவில்லை. பிறகு முப்பத்துநான்கு ஆண்டுகள் பல முகங்களில் பார்த்தேன். ஆட்சேபணை உள்ள ஆளின் கோப்பை யாரும் தொட மாட்டார்கள் என்று அர்த்தம்.

முதல் பாதி முப்பத்தைந்து நிமிடம், இடைவேளை பத்து. வீடு இரண்டு மைல் கீழே. அப்பா ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். காருக்கு முன்னால் சுவர். பின்னால் பூட்டிய இரண்டு வரிசை. அப்பா சாவியைத் திருகினார். பூனை தும்மியது. இன்னொரு தடவை திருகினார். பிறகு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மெழுகுப் பளபளப்பில் மேகம் போவது தெரிந்தது.

"அப்பா, கம்பவுண்டர் சந்துல வண்டி இருக்கும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. வண்டி என்றால் எனக்கு அந்த இடம்தான்.

இருந்தது. பக்கத்து எஸ்டேட்டின் திறந்த ஜீப், மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி. முன் சக்கரத்துக்கு எங்கள் பாதி அம்மி. பின் சீட்டில், காலுக்குக் கம்பளி போர்த்தி, வெள்ளைத் தலையில் பெரிய கொண்டையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைக் கம்பளி உருண்டையும் இரண்டு பின்னல் ஊசிகளும்.

அப்பா நின்றுவிட்டார். நூலைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார். ஒரு மாதத்து வழக்கு அந்த இடத்திலேயே தள்ளுபடியானது.

கம்பவுண்டர் படியிலிருந்து எழுந்தார். "வரமாட்டீங்கன்னு நெனச்சு இந்த ஜீப்புக்காரருக்குக் கொடுத்துட்டனுங்க. ரெண்டு டீமும் மைதானத்துல எறங்கற வரைக்கும் வெச்சிருந்தேன்." குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மச்சினன், கோல் கீப்பர், புத்தகம், இடைவேளை. ஜீப் டிரைவர் உடனே சாவியை எடுத்தார். "ஏறுங்க, போலாம்." பிறகு பின்னால் பார்த்தார். "அம்மாவ எறக்கோணுமே."

அவரைக் கைத்தாங்கலாக ஏற்றவே கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாத நோயில் இரண்டு காலும் வீங்கியிருந்தன.

"கோல் கீப்பர்னா, மஞ்சச் சட்ட போட்டு, பந்து வரதுக்கு முன்னால மண்ணத் தொட்டுக் கும்புடற பையனா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாங்க."

"எனக்கு இந்த மரச் சந்துல அந்த ஒரு கோலு மட்டுந்தானுங்க தெரியும். மேட்சுன்னா எனக்கு அவந்தான்." ஊசிகளை நூலுருண்டையில் குத்தினார். "எறக்காதீங்க. நேரம் போகும். நானும் வரேன்."

"நீ எங்கடி வர்றே? குலுங்குமே" என்றார் கம்பவுண்டர்.

"குலுங்கட்டும். நாலு வருசமா இந்த வாசலத் தாண்டல."

நான் அம்மியை இழுத்தேன். ஜீப் இறங்கியது. தேயிலைச் சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா ஒரு கையால் கம்பியையும் மறுகையால் என் தோளையும் பிடித்துக்கொண்டார். அவர் மேல் தைல வாசனை. அந்த மாதம் எங்கள் கார் பின் சீட்டில் புதிதாக வந்த வாசனை அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. "அட, இங்க பாலம் கட்டிட்டாங்களா!" "அந்தப் பேக்கரி எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்பாவின் உதடு நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் அம்மா ஜீப்பைப் பார்த்தார். பின் சீட்டைப் பார்த்தார். பச்சை நூலைப் பார்த்தார்.

"பொட்டிச் சாவியக் கொடு, சீக்கிரம்" என்று கத்தினார் அப்பா.

அம்மா உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மறுபடி உள்ளே ஓடி, அஞ்சறைப்பெட்டியிலிருந்து அந்தக் கொண்டை ஊசியை எடுத்து வந்து, முந்தானையில் கடுகைத் துடைத்துவிட்டு, அந்த அம்மாவின் கையில் வைத்தார்.

"உங்களுதுங்களா?"

"அட, இதத்தான் தேடிட்டிருந்தேன் அம்மிணி!"

"தங்கச்சின்னே கூப்புடுங்க. நானும் வரட்டுமா?" அம்மாவும் ஏறிக்கொண்டார். அடுப்பை அணைத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் மேலே வந்தபோது இடைவேளை முடிகிற நேரம். அப்பா புத்தகத்தை நெஞ்சோடு பிடித்து மைதானத்துக்குள் ஓடினார். தொப்பை குலுங்க அப்படி ஓடி நான் அவரைப் பார்த்ததே இல்லை. பின்னால் நான். நடுவர் புத்தகத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தைப் படித்தார்: இடது முழங்காலுக்குக் கீழே ஒரு மச்சம்.

மாமா காலுறையை இறக்கினார். அந்தக் காலில் சேற்றைத் தவிர எதுவும் இல்லை. எதிரணி மேனேஜர் இருமினார். அப்பா முட்டிபோட்டு உட்கார்ந்து, இஸ்திரி போட்ட கைக்குட்டையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க மச்சினன் காலைத் துடைத்தார். ஒரு துடைப்பு, இரண்டு துடைப்பு. மிளகு அளவில் மச்சம் வெளியே வந்தது. எதிரணி மேனேஜரே குனிந்து பார்த்துவிட்டு, "இருக்குதுங்க" என்றார். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் மாமா வேலிப் பக்கத்துக் கோலுக்கு வந்தார். முதல் பாதி முழுவதும் அங்கே நின்றவர் எதிரணிக்காரர். ஜீப்பில் போய் வந்த அந்த அம்மா இழந்தது ஒன்றுமில்லை. மாமா ஒரு கோல் விட்டார், நாங்கள் தோற்றோம். மூன்று மாதம் கழித்து வேலைக்கான உத்தரவு வந்தது. தோற்றும் கொடுத்தார்களே என்று வீட்டில் எல்லோரும் வியந்தார்கள். இன்று எனக்கு வியப்பில்லை. ஒரு நியமனக் கோப்பு ஒரு கோலைப் பார்த்து நகராது. அது அந்தப் போட்டிக்கு வெகுநாள் முன்பே கிளம்பியிருக்கும். ஆனால் ஆட்சேபணைக் காகிதம் ஒன்று அதன் மேல் விழுந்திருந்தால் இன்னும் ஏதோ ஓர் அலமாரியில்தான் இருந்திருக்கும்.

அன்று மாலை எங்கள் காரைப் பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். அதில் குல்லா போட்ட கம்பவுண்டரும் ஒருவர். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த தொடர் வந்தபோது அப்பா ரோஸ் அட்டையை வாங்கவில்லை. இறக்கத்தில் நிறுத்தி, அம்மியை வைத்து, பின் சீட்டில் ஒரு தலையணையைப் போட்டுவிட்டு, "வரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா மறுத்திருக்க மாட்டார். மனைவிக்காக ஒருவரிடம் சீட்டுக் கேட்பது கம்பவுண்டருக்கு முடியவில்லை. அவருக்குத் தெரிந்த வழி கதவைப் பூட்டாதீர்கள் என்பதுதான்.

கம்பவுண்டர் வீடு இப்போது ஒரு லாட்ஜ். பாதி அம்மி எந்த அஸ்திவாரத்தில் போனதோ. எந்தப் பட்டியலிலும் இல்லாத பொருள் தொலைந்தால் புகார் எழுத இடமில்லை. அந்தச் சந்தில் இப்போது 'வாகனங்களை நிறுத்தக் கூடாது' பலகை இருக்கிறது. அதற்கான குறிப்பை எழுதியது நான். 'பொதுமக்கள் நலன் கருதி' என்று தொடங்கும். எழுதும்போது அது எந்தச் சந்து என்று எனக்குத் தெரியும். கோப்பில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

போன மாதம் மாமாவின் பேத்தி என்னைப் போட்டிக்குக் கூட்டிப்போனாள். நான்கு சுற்று முடிந்தது. "இந்தச் சந்துக்குள்ள விடு" என்றேன். பலகைக்குக் கீழே, மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினாள். படிக்கட்டு ஏற என் முழங்கால் ஒத்துழைக்காது. அவளை அனுப்பிவிட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தேன். சைப்ரஸ் மரங்கள் பருத்திருந்தன. இடைவெளியில் ஒரு கோல் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"அம்மா, போர்டு பாக்கலீங்களா?"

"பார்த்தேன் தம்பி. நான் வெச்சதுதான் அது."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பறம் எப்படிங்கம்மா?"

"சட்டப்படி தப்புதான். அபராதம் போடுறதுன்னா போடு. ஆனா பாதி ஆட்டம் முடியப் போவுது. நம்ம கீப்பர் இந்தப் பக்கம் வரட்டும், ஒரு தடவ பாத்துக்கறேன்."

அவர் சந்தின் இரண்டு முனையையும் பார்த்தார். குனிந்து மரச் சந்து வழியாகவும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து, முன் சக்கரத்தோடு சேர்த்து அழுத்தி வைத்தார்.

"இறக்கமுங்க" என்றார்.